கொள்ளைநோய்க் காலத்தில் விலகி நின்றோரும் நில்லாதோரும்

கொள்ளைநோய் பரவும் காலத்தில் மனிதர் ஒருவரை ஒருவர் நெருங்காது விலகி நிற்க வேண்டும் என்பது நம் நாட்டிற்குப் புதிதாக வந்த பாடம் அன்று. அம்மை கண்ட வீட்டின் நிலைப்படியில் வேப்பிலைக் கொத்தைச் செருகி வைத்தால் அயலார் அவ்வீட்டினுள் நுழைவதில்லை. அவ்வீட்டாரும் பிறர் வீட்டு விசேஷங்களுக்குச் செல்வதில்லை. இதற்கென்று எழுதப்பட்ட சட்டம் எதுவும் இருந்ததில்லை. காவலர் எவரும் வாயிலில் நின்றதில்லை. சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் கோயம்புத்தூரைப் பிளேக் நோய் மீண்டும் மீண்டும் வாட்டியபோது, எலி செத்து விழக் கண்ட குடும்பங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்கு வெளியே குடிசை போட்டுத் தங்கின. அந்நகரில் இன்றும் வழிபாடு நடைபெறும் பிளேக் மாரியம்மன் கோயில்கள் அக்காலத்தின் நினைவாக நிற்பவை.

இத்துணை பழக்கமுள்ள மக்கள், 2020 ஆம் ஆண்டு ஏப்ரல் 25 ஆம் நாள் சென்னையிலும் மதுரையிலும் கோவையிலும் கடைவீதிகளில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றது ஏன்? ‘படிப்பில்லாத ஜனங்கள், சொன்னால் கேட்கமாட்டார்கள்’ என்று அன்று பலர் கூறினர். அவ்வாறு கூறியவருள் பெரும்பாலோர் மாதச் சம்பளம் தவறாமல் வந்துகொண்டிருந்தவர்கள் என்பதையும் நாம் கவனித்தோம். அவ்விடை நமக்கு நிறைவு தரவில்லை. நெசவாளரும் பயிரிடுவோருமாகிய நம் அங்கத்தினர், அவ்வாண்டில் விலகி நிற்கச் சொல்லப்பட்டவர்களிலும் இருந்தனர். விலகி நிற்க இயலாதவர்களிலும் இருந்தனர். ஆகவே இக்கேள்வியை நாம் சற்றுப் பொறுமையாக ஆராய்வது தகும். முதலில் மூன்றரை நூற்றாண்டுகளுக்கு முன் தொலைதூரத்தில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லுகிறோம். அது ஒரு துணிமூட்டையில் தொடங்கியது என்பதும் நம் அங்கத்தினருக்குச் சுவையாக இருக்கும்.

இங்கிலாந்தில் டெர்பிஷயர் என்னும் மாவட்டத்துக் குன்றுகளுக்கிடையே ஈம் என்றொரு சிற்றூர் உள்ளது. பயிர்த்தொழிலும் ஈயச் சுரங்க வேலையும் அக்காலத்தில் அவ்வூராரின் பிழைப்பு. (ஈயம் எடுத்த ஊருக்கு ஈம் என்று பெயர் வாய்த்தது நம் செவிக்கு வேடிக்கையாக இருக்கிறது. இரண்டிற்கும் தொடர்பு ஏதும் இல்லை.) 1665 ஆம் ஆண்டில் லண்டன் மாநகரைப் பிளேக் சூறையாடிக் கொண்டிருந்தது. அவ்வாண்டு கோடையின் முடிவில் ஈம் ஊர்த் தையற்காரர் ஒருவருக்கு லண்டனிலிருந்து துணி வந்தது. துணி ஈரம் கண்டிருந்ததால், தையற்காரரிடம் வேலை பார்த்த ஜார்ஜ் விக்கர்ஸ் என்பவர் அதைக் கணப்பின் முன் விரித்து உலர்த்தினார் என்றும், மடிப்புகளில் ஒளிந்திருந்த தெள்ளுப்பூச்சிகள் சூடு கண்டு வெளியேறின என்றும் அவ்வூரார் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். செப்டம்பர் முதல் வாரத்தில் விக்கர்ஸ் இறந்தார். அடுத்து அவ்வீட்டுக் குழந்தை. பின்னர் அண்டை வீட்டார். குளிர்காலத்தில் நோய் சற்று அடங்கி, 1666 ஆம் ஆண்டு கோடையில் முன்னிலும் கொடிதாக எழுந்தது.

ஜூன் மாதத்தில் ஊரார் ஒன்றுகூடினர். வசதி படைத்த சிலர் முன்பே ஊரைவிட்டுச் சென்றுவிட்டனர். எஞ்சியோரும் மூட்டை கட்டத் தொடங்கியிருந்த வேளை அது. அவர்கள் ஓடியிருந்தால் சுற்று வட்டாரத்து ஊர்களெல்லாம் நோயின் வாயில் விழுந்திருக்கும். ஊர்க் கோயிலின் குருவாக அப்போது இருந்தவர் வில்லியம் மாம்பெசன் என்பவர். வயது இருபத்தெட்டு. ஊருக்கு வந்து ஈராண்டுகளே ஆகியிருந்தன. ஊராருக்கு அவர்மேல் பெரிய பற்று ஒன்றும் இல்லை. அவருக்கு முன்னிருந்த தாமஸ் ஸ்டான்லி, அரசாங்கம் விதித்த வழிபாட்டு முறையை ஏற்க மறுத்ததால் 1662 இல் பதவியிழந்தவர். ஊராரின் நெஞ்சம் அவர் பக்கமே இருந்தது. கொள்கையில் எதிர் எதிரான இவ்விருவரும் அன்று ஒரே மேடையில் நின்று ஒரே சொல்லைச் சொன்னார்கள்: ஊர் எல்லையை எவரும் தாண்டலாகாது, வழிபாடு கோயிலுக்குள் நடைபெறாது, திறந்த பள்ளத்தாக்கில் குடும்பம் குடும்பமாக இடைவிட்டு நின்று நடைபெறும், இறந்தோரை அவரவர் குடும்பத்தாரே தம் தோட்டத்திலோ வயலிலோ புதைத்துக்கொள்ள வேண்டும்.

ஊரார் இசைந்தனர். 1666 நவம்பர் தொடக்கம் வரை அக்கட்டுப்பாடு பெரும்பாலும் காக்கப்பட்டது.

இஃது எளிதாக நடந்தது என்று எவரும் எண்ணவேண்டா. ஆகஸ்டு மாதத்தில் எலிசபெத் ஹான்காக் என்னும் பெண்மணி எட்டே நாள்களில் தம் கணவரையும் ஆறு மக்களையும் இழந்தார். உதவிக்கு ஒருவரும் நெருங்கக் கூடாத நிலையில் ஏழு குழிகளையும் அவர் தம் கையாலேயே தோண்டினார். குன்றின் சரிவில் அக்கல்லறைகள் இன்றும் உள்ளன. குருவின் மனைவி காதரீன், குழந்தைகளை வெளியூருக்கு அனுப்பிவிட்டுத் தாம் மட்டும் கணவரோடு தங்கியவர். அவரும் ஆகஸ்டு 25 ஆம் நாள் மாண்டார். பதினான்கு மாதங்களில் இறந்தோர் ஏறத்தாழ 260 பேர். ஊர்ப் பதிவேடுகளைக் கொண்டு 2016 இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஊரின் மக்கள்தொகை சுமார் 700 என்றும், நோயில் முக்கால் பங்கு மனிதரிடமிருந்து மனிதருக்கே தொற்றியது என்றும் கணக்கிட்டுள்ளது. எல்லைக் கட்டுப்பாடு வெளியூர்களைக் காத்தது. அதற்குரிய விலையை ஊருக்குள் இருந்தோர் கொடுத்தனர்.

ஏன் கொடுத்தனர்? பக்தியும் தியாகமும் என்று பிற்காலத்துக் கவிஞர்கள் பாடினார்கள். பக்தி இருந்தது மெய்யே. ஆயினும் அவ்வூரின் எல்லையில் கிடக்கும் ஒரு கல் வேறொரு செய்தியையும் சொல்லுகிறது. அக்கல்லில் ஆறு குழிகள் குடையப்பட்டுள்ளன. வெளியூரார் உணவையும் மருந்தையும் கொண்டுவந்து எல்லையில் வைத்துச் செல்வர். ஈம் ஊரார் அதற்குரிய நாணயங்களைக் காடி நிரப்பிய அக்குழிகளில் இட்டுச் செல்வர். காடி நோயை முறிக்கும் என்பது அக்கால நம்பிக்கை. அருகிலிருந்த சாட்ஸ்வர்த் மாளிகையின் பிரபு, ஊர் அடைபட்டிருக்கும் வரை உணவுப் பொருள் அனுப்ப ஏற்பாடு செய்திருந்தார். ‘வெளியே போகாதீர்’ என்ற கட்டளை வருமுன் ‘உள்ளே சோறு வரும்’ என்ற உறுதி வந்துவிட்டது. கட்டளையிட்டவர்களும் அதே எல்லைக்குள் இருந்தார்கள்; ஓடிப்போகவில்லை. ஊர் இரு கட்சியாய் இருந்தும் இரு கட்சித் தலைவர்களும் ஒன்றாய் நின்றதால், ‘இது அவன் சொன்னது, நாம் ஏன் கேட்க வேண்டும்?’ என்ற பேச்சிற்கு இடமில்லாது போயிற்று. இம்மூன்றையும் நீக்கிவிட்டால் பக்தி மட்டும் எத்தனை நாள் தாங்கியிருக்கும் என்பது ஐயமே. ஏழைகளுக்கு ஓடிப்போக வேறு இடமும் இருந்ததில்லை என்று வரலாற்றாசிரியர் சிலர் நினைவூட்டுவதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை.

இனி நம் நாட்டிற்கு வருவோம். மேற்கூறிய மூன்றும் இல்லாத இடத்தில் என்ன ஆயிற்று என்பதற்குப் பம்பாய் மாகாணம் சான்று.

1896 இல் பம்பாயில் பிளேக் தோன்றியது. 1897 பிப்ரவரியில் அன்றைய ஆங்கில அரசாங்கம் தொற்றுநோய்ச் சட்டத்தை அவசரமாக நிறைவேற்றியது. (அதே சட்டம்தான் 2020 இலும் நம் நாட்டில் எடுத்து வழங்கப்பட்டது.) பூனா நகரில் ராண்ட் என்னும் அதிகாரியின் தலைமையில் படைவீரர் வீடு வீடாகப் புகுந்தனர். நோயாளிகளை மருத்துவமனைக்கும், உடன் இருந்தோரைத் தனி முகாமுக்கும் கொண்டு சென்றனர். வீட்டுப் பொருள்களைத் தெருவில் இட்டு எரித்தனர். பெண்களைப் பலர் காண நிறுத்திச் சோதித்தனர் என்ற குமுறல் ஊரெங்கும் எழுந்தது. மருத்துவமனைக்குச் சென்றவருள் மிகப் பலர் உயிருடன் திரும்பவில்லை. மக்கள் நோயாளிகளை ஒளித்துவைத்தனர். பிணங்களை இரவில் இரகசியமாக அடக்கம் செய்தனர். 1897 ஜூன் 22 ஆம் நாள் இரவு ராண்ட் சுடப்பட்டார். அடுத்த ஆண்டு மார்ச்சு 9 ஆம் நாள் பம்பாயில் ஜுலாஹா என்னும் முஸ்லிம் நெசவாளர் வாழும் பகுதியில், நோய்ச் சோதனைக்கு வந்தவர்கள் ஒரு சிறுமியை வீட்டிலிருந்து அகற்ற முற்பட்டபோது கலகம் மூண்டு நகரில் பல இடங்களுக்குப் பரவியது, உயிர்கள் பலியாயின. அதன் பின்னரே அரசாங்கம் கடுமையைத் தளர்த்தியது.

அந்நெசவாளர்கள் நோயை அறியாதவர்களா? தம் தெருவில் பிணங்கள் விழுவதைக் கண்ணால் கண்டவர்கள் அவர்கள். நோயினும் அதிகமாக அவர்கள் அஞ்சியது, பெற்ற மகளை எங்கே கொண்டு போகிறார்கள் என்று தெரியாத நிலையை. இதை அறியாமை என்று நாம் எப்படிச் சொல்லுவது?

2020 ஆம் ஆண்டின் கதை யாவரும் அறிந்ததே. மார்ச்சு 24 ஆம் நாள் இரவு எட்டு மணிக்கு அறிவிப்பு வந்தது. நள்ளிரவு முதல் நாடு முழுவதும் அடைக்கப்பட்டது. இடையில் இருந்தது நான்கு மணி நேரம். நகரங்களில் கூலி வேலை செய்துவந்த வெளிமாநிலத்தார் இலட்சக் கணக்கில் சொந்த ஊர் நோக்கி நடந்தார்கள். மே 8 ஆம் நாள் விடியற்காலையில் மகாராஷ்டிரத்து ஔரங்காபாத் அருகே தண்டவாளத்தில் களைத்து உறங்கிய தொழிலாளர் 16 பேர் சரக்கு வண்டி ஏறி மாண்டனர். அவர்கள் கட்டுப்பாட்டை மீறியவர்கள் என்றே ஏடுகளில் எழுத வேண்டியிருக்கும். ஆனால் வாடகையும் அரிசியும் இருந்திருந்தால் அவர்கள் அந்தத் தண்டவாளத்தை மிதித்திருக்கமாட்டார்கள்.

நம் நெசவாளரைப் பற்றிச் சிலர் வேறு விதமாக நினைத்தனர். தறி வீட்டிற்குள் இருக்கிறது. நெசவாளி குழியில் இறங்கி உட்கார்ந்தால் வெளியே வரவேண்டிய தேவை இல்லை. ஆகையால் இயல்பாகவே ஒதுங்கி வாழ்பவர் என்பது அவர்கள் எண்ணம். தறியை மட்டும் பார்த்தால் அது மெய்போலத் தோன்றும். ஆனால் பாவு இல்லாமல் தறி ஏது? தெருவில் பாவை நீட்டிக் கஞ்சி போடும்போது இரு புறமும் ஆள்கள் நெருங்கி நின்று இழை பிரித்தாக வேண்டும். ஆறடி இடைவெளி விட்டு நின்றால் பாவு காய்ந்துபோகும். நூல் சங்கத்திலிருந்து வரவேண்டும். நெய்த துணி சங்கத்திற்குப் போகவேண்டும். கூலி கைக்கு வரவேண்டும். அவ்வாண்டு நூல் வண்டிகள் நின்றன. சாயப் பொருள் வரவில்லை. துணிக்கடைகள் பூட்டிக் கிடந்தன. சித்திரை, வைகாசித் திருமணங்கள் தள்ளிப்போயின. பாவு தீர்ந்தபின் நெசவாளி வீட்டிற்குள் இருந்தது உண்மை. அங்கே நோய்க்கு வேண்டிய இடைவெளி பூரணமாக இருந்தது; உலைக்கு வேண்டிய அரிசி இல்லை. கட்டட வேலையோ காய்கறி வண்டியோ கிடைக்குமா என்று வெளியே புறப்பட்டவர் எத்தனையோ பேர். காவலரிடம் அவர்கள் என்ன காரணம் சொல்லியிருக்க முடியும்?

பயிரிடுவோர் நிலைமை இதனினும் நெருக்கடியானது. சென்னைக் கோயம்பேடு சந்தையை நம் அங்கத்தினரில் பலர் நேரில் அறிவர். சுமார் 295 ஏக்கர் பரப்பில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட கடைகள். இரவெல்லாம் லாரிகள் வந்து இறங்கும்; விடியுமுன் சில்லறை வணிகர் வந்து மொய்ப்பர். மூட்டை தூக்குவோருக்கு மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி. தூக்காத நாளுக்குக் கூலி இல்லை. பறித்த தக்காளி அரசாங்க உத்தரவிற்காகக் காத்திருப்பதில்லை. நாடு அடைபட்ட பின்னும், நகருக்கு உணவு வேண்டுமாதலால் சந்தை திறந்தே இருந்தது. மற்ற இடங்களில் விலகி நிற்கச் சொல்லப்பட்ட காலத்தில் இங்கே விலகி நிற்க இடமும் இல்லை, வழியும் இல்லை.

ஏப்ரல் 24 ஆம் நாள் ஓர் அறிவிப்பு வெளியாயிற்று. 26 முதல் 29 வரை நான்கு நாள்கள் சென்னை, மதுரை, கோவை மாநகரங்களில் முழு அடைப்பு. காய்கறிக் கடைகளும் மளிகைக் கடைகளும்கூடத் திறவா. கூட்டத்தைக் குறைக்க வேண்டுமென்பதே இதன் நோக்கம். விளைவு என்ன? 25 ஆம் நாள் ஊரே கடைவீதிக்கு வந்துவிட்டது. நான்கு நாளைக்கு அடுப்பெரிய வேண்டுமே என்று குடும்பத் தலைவிகள் நினைத்ததில் பிழை காண நம்மால் இயலவில்லை. அந்த ஒரு நாளில் கூடிய கூட்டத்தை அறிவிப்பே கூட்டிவைத்தது எனலாம். உத்தரவிட்டவர்கள் தீய எண்ணம் உடையவர்கள் என்று நாம் கூறவில்லை. மக்களின் சமையலறையை அவர்கள் கணக்கில் சேர்க்கவில்லை, அவ்வளவே.

சந்தையில் நோய் கண்டவர்களின் எண்ணிக்கை நாளுக்கு நாள் ஏறியது. மே 5 ஆம் நாள் கோயம்பேடு மூடப்பட்டது. 10 ஆம் நாள் முதல் காய்கறி வணிகம் நகருக்கு வெளியே திருமழிசைக்கு மாற்றப்பட்டது. வேலை இழந்த சுமைத் தொழிலாளர் தத்தம் ஊர்களுக்குத் திரும்பினர். அரியலூர், கடலூர், விழுப்புரம் மாவட்டங்களில் ஒரே வாரத்தில் நோயாளிகள் பெருகினர். அங்கும் குற்றம் அவர்கள்மேல் சுமத்தப்பட்டது. சென்னைக்கு அவ்வளவு நாளும் காய்கறி சுமந்தவர்கள் அவர்களே என்பதை அப்போது ஒருவரும் நினைத்ததாகத் தெரியவில்லை.

அதே ஏப்ரல் மாதத்தில், அதே மக்களிடையே, வேறொரு காட்சியையும் நாம் கண்டோம். அரிசி அட்டைதாரர் ஒவ்வொருவருக்கும் ஆயிரம் ரூபாயும் விலையில்லா அரிசி, பருப்பு, சர்க்கரை, எண்ணெயும் வழங்க அரசாங்கம் முடிவு செய்தது. வழங்கும் இடம் நியாய விலைக் கடை. தமிழ்நாட்டில் இக்கடைகளில் பெரும்பாலானவற்றை நடத்துவது கூட்டுறவுச் சங்கங்கள். ஊழியர்கள் தெருத்தெருவாகச் சென்று நாளும் நேரமும் குறித்த டோக்கன்களைக் கொடுத்தனர். கடை வாயிலில் வட்டங்கள் வரையப்பட்டன. எல்லாக் கடைகளிலும் எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று நாம் பெருமை பேசப் போவதில்லை. முதல் நாளில் பல இடங்களில் நெரிசல் இருந்தது. ஆனால் ‘உன் பங்கு உனக்கு உண்டு, செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு வந்தாலும் அது குறையாது’ என்பது உறுதியானவுடன் மக்கள் அவ்வட்டத்திற்குள் நின்றார்கள். வெயிலில் பொறுமையாக நின்றார்கள். இவர்களா சொன்னால் கேளாதவர்கள்?

மதுக்கடைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. விருப்பமில்லாத எடுத்துக்காட்டு, ஆயினும் பொருத்தமானது. மே 7 ஆம் நாள் கடைகள் திறக்கப்பட்டபோது நெரிசல் தாங்கவில்லை. மறுநாளே உயர்நீதிமன்றம் மூட உத்தரவிட்டது. பின்னர் உச்சநீதிமன்றத்தின் தடை ஆணையால் மே 16 இல் மீண்டும் திறந்தபோது, நாளொன்றுக்கு இத்தனை டோக்கன் என்று வகுத்தார்கள். வரிசை முன்போல் முட்டி மோதவில்லை. நாளைக்குக் கிடைக்குமோ கிடைக்காதோ என்ற ஐயமே மனிதனை முன்னால் நிற்பவன் முதுகின்மேல் தள்ளுகிறது.

இதை மெய்ப்பிக்கும் கணக்கு ஒன்று இஸ்ரேல் நாட்டில் 2020 இன் தொடக்கத்தில் எடுக்கப்பட்டது. நோய்த் தொடர்பு ஏற்பட்டால் வீட்டிலேயே தனித்திருப்பீர்களா என்று மக்களைக் கேட்டார்கள். இழக்கும் கூலி ஈடு செய்யப்படும் என்ற நிலையில் 94 விழுக்காட்டினர் ‘இருப்போம்’ என்றனர். ஈடு இல்லை என்றதும் அத்தொகை 57 விழுக்காட்டிற்கும் கீழே இறங்கியது. கேட்கப்பட்டவர்கள் அதே மக்கள். நோயைப் பற்றி அவர்களுக்கு இருந்த அறிவும் அதேதான்.

வயிறு ஒன்றே காரணம் என்று நாம் சாதிக்க முன்வரவில்லை. வயிறு நிறைந்தவர்களும் மீறினார்கள். சில வேளைகளில் அவர்களே அதிகமாக மீறினார்கள். இங்கிலாந்தில் 2020 மே மாதத்தில், வீட்டில் இருங்கள் என்று ஊருக்கெல்லாம் உத்தரவிட்ட அரசாங்கத்தின் தலைமை ஆலோசகரே அடைப்புக் காலத்தில் குடும்பத்துடன் நெடுந்தொலைவு பயணம் செய்திருந்த செய்தி வெளியாயிற்று. அவ்வாரத்திலிருந்து அந்நாட்டு மக்களுக்கு அரசாங்கத்தின்மேல் இருந்த நம்பிக்கை சரிந்ததை, நாள்தோறும் கருத்துக் கேட்டுவந்த ஆய்வாளர்கள் கண்டனர். நம் ஊர்களிலும் தலைவர்கள் மாலை மரியாதையுடன் கூட்டம் கூட்டிக்கொண்டே இடைவெளியைப் பற்றிப் பேசியதை மக்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

மற்றொன்று, நோய் கண்ணுக்குத் தெரியாதது. வேப்பிலை செருகிய வீட்டில் அம்மை முகத்திலேயே தெரியும். ஊரில் ஒரு வீடோ இரண்டு வீடோ சில வாரங்கள் ஒதுங்கியிருக்க, மற்ற வீட்டார் வாயிலில் சோறு கொண்டுவந்து வைப்பர். 2020 இல் வந்த நோயோ, இருமலும் காய்ச்சலும் இல்லாதவரிடத்திலும் இருந்து பரவியது. ஊரிலுள்ள ஒவ்வொரு வீட்டிலும் வேப்பிலை செருகச் சொன்னதற்கு ஒப்பான நிலை அது. எல்லா வீடும் ஒதுங்கியிருந்தால் சோறு வைப்பது யார்? நலமாக இருக்கும் தன் தம்பியை நோயாளியாக எண்ணி விலகி நிற்பது மனித இயல்பிற்கு எளிதும் அன்று.

இறப்பு வீட்டைப் பற்றியும் எண்ணிப் பார்க்க வேண்டும். அடக்கத்திற்கு இருபது பேர், திருமணத்திற்கு ஐம்பது பேர் என்று அவ்வாண்டு வரையறுத்தார்கள். தாய்மாமன் இறந்து போகாமல் இருந்தால் அவ்வுறவு அத்தோடு அறுந்துபோகும் என்ற அச்சம் நம் குடும்பங்களில் நோயச்சத்தினும் பெரிது. ஆனால் சில குடும்பங்களில் பெரியவர்களே முன்வந்து, ‘எவரும் வரவேண்டா; காலம் சரியானபின் சேர்ந்து துக்கம் கேட்டுக்கொள்ளலாம்’ என்று சொல்லியனுப்பினர். அங்கே கூட்டம் சேரவில்லை. எவருக்கும் மனத்தாங்கலும் இல்லை. கட்டளையை இட்டவர் உறவுக்கு உரியவராக இருந்ததால் அது காப்பாற்றப்பட்டது. இருபது பேருக்குமேல் கூடினால் அபராதம் என்ற சுவரொட்டிக்கு அந்த ஆற்றல் இல்லை.

விலகுதல் எல்லை மீறிப்போனதும் உண்டு. சென்னையில் 2020 ஏப்ரலில், நோயாளிகளுக்குத் தொண்டு செய்து அதே நோயால் மாண்ட மருத்துவர் ஒருவரை அடக்கம் செய்யவிடாமல் ஒரு கூட்டம் கல்லெறிந்தது. ஈம் ஊர்க் குரு மாம்பெசனுக்கும், நோய் அடங்கிச் சில ஆண்டுகள் கழித்து வேறோர் ஊருக்கு மாற்றலாகிச் சென்றபோது, அவ்வூரார் அஞ்சியதால் சில காலம் ஊருக்கு வெளியே குடிலில் தங்கவேண்டி நேர்ந்தது என்பர். நம் நாட்டில் இவ்வச்சத்திற்குப் பழைய நோய் ஒன்றும் துணை சேர்ந்துகொள்கிறது. 2020 மார்ச்சில் ‘சமூக விலகல்’ என்ற சொல் செய்தித்தாள்களில் வந்தபோது பலர் முகம் சுளித்தனர். தெருவையும் கிணற்றையும் தம்ளரையும் பிரித்துவைத்து மனிதரை மனிதர் விலக்கிய வரலாறு இம்மண்ணுக்கு உண்டு. அதனை அனுபவித்தவர் காதில் அச்சொல் எப்படி விழும்? உலக சுகாதார நிறுவனமும் அதே மாதத்தில் ‘உடல் இடைவெளி’ என்னும் பொருள்படும் சொல்லையே விரும்பியது. தமிழிலும் ‘தனிமனித இடைவெளி’ என்று பின்னர் வழங்கலாயிற்று. நோய் உள்ளவரை மட்டும், நோய் உள்ள நாள்வரை மட்டும் என்ற வரம்பு தெளிவாக இல்லாவிடில், நோயைக் காரணம் காட்டிப் பழைய விலக்கலையே மீண்டும் நடத்த விரும்புவோர்க்கு அது வாய்ப்பாகிவிடும். சங்கக் கூட்டங்களில் இதைப் பற்றிப் பேசவேண்டிய வேளையில் நாணிக்கொண்டு பேசாதிருந்து பயனில்லை.

இனி நம் சங்கங்கள் செய்யக்கூடியது யாது என்று பார்ப்போம். மற்றொரு கொள்ளைநோய் எப்போது வரும் என்று எவராலும் சொல்ல முடியாது. வந்தபின் கூட்டம் போட்டு முடிவு செய்ய இயலாது என்பதை மட்டும் 2020 காட்டிவிட்டது. நிர்வாகக் குழு கூடுவதற்கே அப்போது அனுமதி இருந்ததில்லை. ஆகவே மூன்று செய்திகளை இப்போதே தீர்மானமாக எழுதிவைத்துக்கொள்வது நலம் என்பது நம் கருத்து. நூலையும் கூலியையும் வீடு தேடிக் கொடுப்பதற்கும் துணியை வீட்டிலிருந்தே பெற்றுக்கொள்வதற்கும் தெருவாரியாக யார் பொறுப்பு என்பது ஒன்று. விளைபொருளைச் சந்தைக்கு அனுப்ப முடியாத நாள்களில் ஊரிலேயே கொள்முதல் செய்து அக்கம்பக்கத்து நுகர்வோர் சங்கங்களுக்கு அனுப்பும் ஏற்பாடு மற்றொன்று. மூன்றாவதும் முதன்மையானதும் பணம்.

அங்கத்தினர் கூலியில் ஒரு பகுதியைப் பிடித்துச் சேமிப்பாக வைக்கும் வழக்கம் நம் நெசவாளர் சங்கங்களில் முன்பே உண்டு. அதனோடு நோய்க்கால நிதி என்று தனிக் கணக்கு ஒன்றைத் தொடங்கலாம். ஓர் உதாரணம் காட்டுகிறோம். 200 தறிகள் உள்ள சங்கம். தறி ஒன்றுக்கு நாள் கூலி 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 14 நாள்கள் எல்லாத் தறிகளும் நின்று, எல்லோரும் வீட்டில் இருக்க வேண்டுமானால், முழுக்கூலிக்கு 8,40,000 ரூபாய் வேண்டும். தொகையைக் கேட்டு மலைக்க வேண்டா. நூறு ரூபாய்க் கூலிக்கு ஒரு ரூபாய் வீதம் பிடித்தால், மாதம் 25 வேலை நாள்களுக்குத் தறி ஒன்றிலிருந்து 75 ரூபாய். 200 தறிகளிலிருந்து 15,000 ரூபாய். வட்டியைச் சேர்க்காமலே 56 மாதங்களில் முழுத் தொகையும் சேர்ந்துவிடும். அரைக்கூலி போதும் என்று மகாசபை முடிவு செய்தால் 28 மாதங்கள். பயிரிடுவோர் சங்கங்களில் கூலிக்குப் பதிலாக மூட்டைக்கு இவ்வளவு என்று பிடிக்கலாம். அங்கே தக்காளிக்கும் நெல்லுக்கும் ஒரே விகிதம் பொருந்தாது; அழுகும் பொருளுக்குக் கூடுதலாகவே ஒதுக்க வேண்டியிருக்கும். காரியதரிசிகள் தங்கள் சங்கத்துத் தறி எண்ணிக்கையையும் கூலி விகிதத்தையும் இட்டு இக்கணக்கைப் போட்டுப் பார்த்து, அடுத்த மகாசபைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்க்கும்படி கேட்டுக்கொள்ளுகிறோம்.